‘ஸ்பாயில்ட்’ என்று போட்டிருந்த பெட்டி

பழைய பொருள் வாங்கி விற்கும் கரோசெல் செயலியில் சாமான் தேடும்போது நான் முதலில் தட்டுகிற சொல் ‘ஸ்பாயில்ட்’. சிங்கப்பூரில் கெட்டுப்போன எதை விற்பவரும் அப்படித்தான் எழுதுவார், அது ரைஸ் குக்கரானாலும் சரி, ஆம்ப்ளிஃபையரானாலும் சரி. அந்தச் சொல்லோடு ‘ரேக்’, ‘மிடி’, ‘ஓல்ட்’ என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்து வாரத்துக்கு இரண்டு தடவை பார்ப்பேன். பத்து மாதமாக ஒன்றும் சிக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கரோக்கே மிக்சர்களுக்கும் மைக்குகளுக்கும் நடுவில், மெத்தை மேல் வைத்து எடுத்த ஒரு படம். தலைப்பு ‘ஏடிஏ ஓல்ட் ரேக், சவுண்ட் ஸ்பாயில்ட், செல் ஆஸ் இட் இஸ்’. விலை 180 சிங்கப்பூர் வெள்ளி.

படத்தைப் பெரிதாக்கினேன். ஏடிஏ எம்பி-1, கிட்டார் ப்ரீஆம்ப். கோப்பியை அப்படியே வைத்துவிட்டு விற்பவருக்குச் செய்தி அனுப்பினேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது பொடிச் சிக்னல். அதைப் பெருக்கி, குணம் கொடுத்து, கரகரப்பு வேண்டுமென்றால் அதையும் சேர்ப்பது ப்ரீஆம்ப். ஸ்பீக்கரைத் தள்ளும் வேலை அதற்குப் பின்னால் வரும் பவர் ஆம்புக்கு. சாதாரண ஆம்பில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். எண்பதுகளில் இவற்றைப் பிரித்து, 19 அங்குல ரேக்கில் தட்டுத் தட்டாக அடுக்குவது மோஸ்தர் ஆனது. கலிஃபோர்னியாவின் ஏடிஏ கம்பெனி 1987-இல் எம்பி-1-ஐக் கொண்டுவந்தது. உள்ளே இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வு, அதாவது பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடிக் குழாய். ஒலி போகும் பாதை அனலாக். ஆனால் கெயின், பாஸ், ட்ரெபிள் எல்லாம் எண்களாக மெமரியில் உட்காரும். 128 ப்ரோகிராம், காலால் ஒரு மிடி பெடலை (மிடி என்பது இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மொழி) மிதித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். மேடையில் குனிந்து குனிந்து குமிழ் திருகிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. கிட்டார் கலைஞர் பால் கில்பர்ட் வாசித்த பெட்டி என்று சொன்னால், ஷ்ரெட் எனும் அதிவேக வாசிப்பின் ரசிகர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

இப்படிப்பட்ட பெட்டி ஏன் மலிவாகக் கிடைக்கிறது? காலம் மாறியதுதான் காரணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிரஞ்ச் ராக் வந்தபோது ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு ரேக் வைத்திருப்பது கேலிக்குரியதாகிவிட்டது. 1998-இல் லைன் 6 பாட் வந்து, பெரிய பெட்டி செய்கிற வேலையை மேசை மேல் வைக்கிற சிறு சாதனத்தில் அடக்கியது. அதற்குப் பின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், கெம்பர் என்று மேலும் டிஜிட்டல் சாதனங்கள். ஒவ்வோர் அலைக்கும் ஒரு தொகுதி ரேக் பெட்டிகள் ஸ்டோருக்குள் போயின. இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஸ்டோர் என்றால் பாம் ஷெல்டர். அங்கே பழைய மின்விசிறி, தீபாவளி விளக்கு, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அடியில் போன பொருள் வீடு மாற்றும்போதுதான் வெளியே வரும். ‘மூவிங் ஹவுஸ்’ என்று போட்டிருக்கும் விளம்பரங்களை நான் விடாமல் பார்ப்பது அதனால்தான்.

இந்த ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்பதுகளில் இங்கேயும், காஸ்வே பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவிலும் மலாய் ராக் கொடிகட்டிப் பறந்தது. ஸ்வீட் சாரிட்டி சிங்கப்பூர்க் குழு. ‘சர்ச்’ (Search) என்ற குழு ஜொகூர் பாருவில் தொடங்கியது. அவர்களைப் பார்த்துக் கிட்டார் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். கிளப்பில் வாசித்து, சம்பளத்தைச் சேர்த்து, அமெரிக்கச் சாமான் வாங்கினார்கள். இன்று அவர்களுக்கு அறுபது வயதுக்கு மேல். அந்தப் பெட்டிகள் இன்னும் இந்தத் தீவில்தான் இருக்கின்றன.

நான் பார்த்த அளவில், வேலை செய்கிற எம்பி-1-க்கு இங்கே 400 முதல் 500 வெள்ளி கேட்கிறார்கள். இதே மாதிரி இன்னொரு ப்ரீஆம்பான மார்ஷல் ஜேஎம்பி-1 அதைவிட மேலே போய்விட்டது; அயர்ன் மெய்டன், பில்லி கிப்பன்ஸ் என்று வாசித்தவர்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான். மேசா ட்ரையாக்ஸிஸ் என் பக்கமே வேண்டாம். அலெம்பிக் எஃப்-2பி என்று யாராவது சரியாக எழுதிப்போட்டால் அதில் பேரம் கிடையாது, அதை வாசித்த பிங்க் ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோரின் பெயர் பாதி விலையைத் தின்றுவிடும். விற்பவருக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியாத இடத்தில்தான் மலிவு இருக்கிறது. ஈக்வலைசர் என்று நினைத்து விற்கிறவர், எழுத்துப்பிழையோடு போடுகிறவர், முன்பக்கம் மட்டும் படம் எடுக்கிறவர். ஆனால் பின்பக்கப் படம் கேட்காமல் நான் கிளம்பமாட்டேன். எத்தனை வோல்ட் என்பது பின்னால்தான் எழுதியிருக்கும்.

படம் வந்தது. 120 வோல்ட்.

நம் சுவரில் வருவது 230. பிளக் மாற்றிச் சொருகிப் பார்த்த மகானுபாவர் யாராவது நடுவில் இருந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும், அதோடு கதை முடிந்தது. வால்வு, கெப்பாசிட்டர், ஜாக் எல்லாம் இன்றைக்கும் கடையில் கிடைக்கும். அந்த மாடலுக்கென்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கும், ப்ரோகிராம் எழுதிய சிப்புக்கும், உடைந்த முன்பலகைக்கும் எங்கே போவது? அதனால் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். டிஸ்ப்ளே எரிகிறதா, பட்டனை அழுத்தினால் எண் மாறுகிறதா? மாறுகிறது என்றார். மாறினால் டிரான்ஸ்ஃபார்மரும் மூளையும் உயிரோடு இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் என்னவாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

வீடு பிடோக்கில். கதவைத் திறந்தவர் வெள்ளைத் தாடி வைத்த ஒரு மலாய்க்காரர், சாரோங்கில் இருந்தார். “வாங்க ப்ரோ” என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினார், நான் அவரை “அபாங்” (மலாயில் அண்ணன்) என்றேன். பெட்டியோடு ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தது, செங்கல் கனம். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி. முப்பது வருஷமாக அதில்தான் சொருகியிருக்கிறார்.

கரோக்கே ஆம்பில் மாட்டி வாசித்துக் காட்டினார். தகர டப்பாவுக்குள் தேனீக்களை அடைத்துக் குலுக்கியது போல ஒரு சத்தம். “கேட்டீங்களா, ஸ்பாயில்ட்” என்றார். நான் தலையாட்டினேன். இந்த இடத்தில் நான் கொஞ்சம் அல்பமாக நடந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அது கெட்ட சத்தம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் வெளிவிடாது. கரகரப்பில் இருக்கும் கூர்முனைகளை எல்லாம் அதுதான் மழுக்கித் தருகிறது. அதே ப்ரீஆம்பை உச்சஸ்தாயி வரை பாடுகிற கரோக்கே ஸ்பீக்கரில் மாட்டினால் தேனீதான் கேட்கும். எம்பி-1-இல் அதை மழுக்கித் தரும் கேபினட் சிமுலேட்டரும் கிடையாது. கிட்டார் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் இன்டர்ஃபேஸில் நேரடியாக மாட்டிக் கேட்டுவிட்டு, ‘வின்டேஜ் என்றார்கள், இதுதானா’ என்று விற்றுவிடுகிற இளைஞர்களையும் பார்த்திருக்கிறேன். இந்தத் தவறான புரிதலால் எனக்கு இதுவரை இரண்டு பெட்டி கிடைத்திருக்கிறது.

ஆனால் தேனீக்கு அடியில் வேறு சத்தங்களும் இருந்தன. அப்பளம் பொரிகிறது போல ஒரு படபடப்பு. ஒரு பக்க அவுட்புட் வருவதும் போவதுமாக இருந்தது. 150-க்குக் கேட்டேன். “மின்சார டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்தா?” என்று கேட்டுவிட்டு அவரே “சரி, எடுத்துக்கோங்க, இடத்தை அடைக்குது” என்றார்.

தூக்கும்போதுதான் மேல்தகட்டில் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பைப் பார்த்தேன். மஞ்சளாகிப்போன டேப், பால்பாயின்ட் எழுத்து. ‘3 கிளீன். 7 சோலோ. 12 லாகு ஸ்லோ. 20 ஹெவி.’ அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, ‘31 ஜாங்கான்!!’ லாகு என்றால் பாட்டு, அது புரிகிறது. ஜாங்கான் என்றால் ‘வேண்டாம்’. “31 ஏன் வேண்டாம்?” என்று கேட்டேன். சிரித்தாரே தவிர சொல்லவில்லை.

வீட்டில் மேசை மேல் பழைய துண்டை விரித்து வேலையைத் தொடங்கினேன். முதலில் மின்சாரம். இந்தச் செங்கல் டிரான்ஸ்ஃபார்மர்களில் பலவற்றில் மூன்று துளை இருக்கும், ஆனால் எர்த் கம்பி உள்ளே எங்கும் போகாது. வெறும் அலங்காரம். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சுவர் பிளக்கின் எர்த் முள்ளிலும், மறுமுனையைப் பெட்டியின் பின்புறத் திருகு ஒன்றிலும் வைத்தேன். பீப் சத்தம் வரவில்லை. அபாங் முப்பது வருஷம் எர்த் இல்லாத இரும்புப் பெட்டியோடு வாழ்ந்திருக்கிறார். கிட்டார் கம்பி அந்த இரும்போடு இணைந்தது, கம்பி மேல் அவருடைய கை. செங்கலைத் திறந்து பார்த்தேன், எர்த் கம்பி ஓரமாக வெட்டி விடப்பட்டிருந்தது. அதை அவுட்லெட்டின் எர்த் துளையோடு இணைத்தேன். பீப் வந்தது. மறுமுனை வோல்ட்டேஜ் 118, போதும்.

மேல்தகட்டைக் கழற்றியதும் உள்ளே இருந்த வாசனை இருக்கிறதே, பழைய பஸ்ஸின் ரெக்சின் சீட்டும் ஊதுபத்தியும் கலந்தது மாதிரி. ஒரு கரப்பான் கூடு, நல்லவேளை காலி. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். ஒரு விஷயம்: வால்வு இருக்கிற பெட்டி என்றாலே நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ளே இருக்கக்கூடும் என்று நினைத்துத்தான் கைவைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அளந்து பார்க்காமல் நான் விரலை உள்ளே விடுவதில்லை. ஒரு தடவை பட்டிருக்கிறேன், முழங்கை வரை இழுத்தது.

கெப்பாசிட்டர்கள் எதுவும் உப்பியிருக்கவில்லை, கசியவும் இல்லை. ‘பழைய பெட்டி என்றால் எல்லா எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்று’ என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. முதலில் கேட்பேன், அப்புறம்தான் சூடு வைப்பேன்.

இன்டர்ஃபேஸில் மாட்டி, கம்ப்யூட்டரில் ஒரு நாலு ஸ்பீக்கர் கேபினட்டின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை, அதாவது அந்த ஸ்பீக்கரின் ஒலிக் குணத்தைப் பதிந்து வைத்த கோப்பைப் போட்டேன். தேனீ போய்விட்டது. ப்ரோகிராம் 20, ‘ஹெவி’. அட, அதுதான்! எண்பதுகளின் இறுதியில் வந்த ஆல்பங்களில் கேட்கும் அந்த வழுவழுப்பான கரகரப்பு. ஆனால் கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல்.

முனகலை விசாரிக்க எனக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. கிட்டார் ட்யூனரை வைப்பேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 98. பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வற்றிப்போயிருந்தால் பொதுவாக 100 ஹெர்ட்ஸில் முனகும், அதாவது தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி, கொஞ்சம் தூக்கலாக. எர்த் பிரச்சினையோ, சரியாக மூடாத கேபிளோ என்றால் 50 தலைகாட்டும், அதே ஜி, ஒரு ஸ்தாயி கீழே. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இது ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவே எங்கோ தொங்கும். இந்த வித்தை நமக்குத்தான் சௌகரியம். ட்யூனர் கீழ் ஜி-யைக் காட்டியது. கெப்பாசிட்டர் மேல் சந்தேகம் குறைந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், முனகல் நின்றது. லேப்டாப்பும் பெட்டியும் இரண்டு வழியாக எர்த்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுப்பாதை போட்டிருந்தன. பெட்டி மேல் குற்றமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிற கட்சியில் இருந்திருந்தால் ஒரு சாயந்திரமும் இருபது வெள்ளியும் போயிருக்கும்.

அடுத்தது அப்பளம். எம்பி-1-இல் மூன்று வகைக் குரல் உண்டு: வால்வைத் தொடாத சாலிட் ஸ்டேட், கிளீன் ட்யூப், டிஸ்டார்ஷன் ட்யூப். ட்யூப் என்றாலும் வால்வுதான். சாலிட் ஸ்டேட்டில் வைத்தேன், பொரியல் நின்றது. கிளீன் ட்யூப்பில் லேசாக. டிஸ்டார்ஷனில் பந்தி விருந்துக்கே பொரிக்கிற அளவுக்கு. வால்வுப் பக்கம்தான் கோளாறு. பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டினேன். ஒன்றில் ‘டொக்’ என்று அடங்கிய சத்தம். இன்னொன்றில் கோயில் மணியைச் சுண்டியது போல ‘டிங்ங்’. அணைத்து, ஆறவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிச் சொருகினேன். சந்தேகத்தை உறுதி செய்ய இதைவிட மலிவான வழி கிடையாது. கோளாறு வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் வால்வு, மாறாமல் அங்கேயே நின்றால் போர்டு. மாற்றியதும் பொரியல் முன்பு இருந்ததில் கால்வாசியாகக் குறைந்தது. முன்னால் இருக்கும் வால்வின் சத்தத்தைப் பின்னால் வருகிற எல்லாம் சேர்ந்து பெருக்கும். அதே வால்வு பின்னால் போனால் பெருக்க ஆள் குறைவு. ஆக வால்வுதான்.

12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயரில் ஈசிசி83, இன்றும் புதிதாகத் தயாராகிறது. ஆனால் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகள்தான்: ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்ய வால்வுகள் வராது என்ற பேச்சு கிளம்பியதும் விலை ஏறியது. அதற்கு முன்பே நாலு வாங்கி வைத்திருக்கலாம் என்று இன்றும் வருத்தம். பெனின்சுலா கடைத்தொகுதியில் கிட்டார் கடைகளில் விசாரித்து, ஸ்லோவாக்கிய வால்வு ஒன்றை 38 வெள்ளிக்கு வாங்கினேன். ஒன்றே ஒன்று. டொக் என்ற வால்வு அப்படியே இருக்கட்டும், அது இன்னும் பத்து வருஷம் ஓடும்.

ஒரு பக்க அவுட்புட் வந்து வந்து போனதற்குக் காரணம் நம் தட்பவெப்பம். ஈரக்காற்றில் ஜாக்கின் உள்ளே இருக்கும் தகடுகள் கறுத்துவிடும். காண்டாக்ட் க்ளீனரைத் தெளித்து, பிளக்கை இருபது தடவை உள்ளே வெளியே என்று ஆட்டினேன். வெளியே வந்த பஞ்சு அடுப்புக்கரி துடைத்தது மாதிரி. கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெயைச் சிலர் இதற்கு அடிக்கிறார்கள், செய்யாதீர்கள், அது தங்கித் தூசியைப் பிடிக்கும். இந்த வேலைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இத்தோடு மூடியிருக்கலாம். ஆனால் மெமரி பேட்டரி கண்ணில் பட்டது. காசு வடிவ 3 வோல்ட் லித்தியம், கால் வைத்து போர்டில் பற்றவைத்தது. பெட்டி அணைந்திருக்கும்போது 128 ப்ரோகிராமையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். மல்டிமீட்டர் வைத்தேன், 2.3. இந்த வகை மெமரி சிப்புகள் பொதுவாக 2 வோல்ட் வரைக்கும் நினைவை வைத்திருக்கும், அதற்குக் கீழே உத்தரவாதம் இல்லை. இன்னும் சில மாதம், அவ்வளவுதான்.

பேட்டரியைக் கழற்றினால் நினைவு போய்விடும். வேறு பெட்டியாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இதில் 3-உம் 7-உம் 12-உம் ஒரு மனிதர் முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு கிளப்பில் காது வைத்துக் கேட்டுச் செதுக்கியவை. அதுவும் போக, 31-ஐ நான் இன்னும் அழுத்தவில்லை.

முதலில் பாதுகாப்புக்கு ஒரு நகல். ஒவ்வொரு ப்ரோகிராமாகப் போய், ஒவ்வோர் அளவாக டிஸ்ப்ளேயில் வரவழைத்து, போனில் வீடியோ எடுத்தேன். 128-இல் அவர் கைவைத்தவை பதினான்குதான் என்பதால் பிழைத்தேன். 31-ஐயும் எடுத்தேன், ஒலி அளவைச் சுத்தமாகக் குறைத்து வைத்துக்கொண்டு.

மறுநாள் சிம் லிம் டவர். ஆடம்பரக் கடைகள் வந்து வந்து போகின்றன, ஜாலான் புசாரில் இந்தக் கட்டடம் இன்னும் ரெசிஸ்டரைப் பத்துப் பத்தாக எண்ணிக் கொடுக்கிறது. பக்கத்தில் சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தை இருந்தவரை இரண்டையும் ஒரே நடையில் முடிப்பேன். 2017-இல் சந்தையை மூடிவிட்டார்கள். என் முதல் பெடல் அங்கே தரையில் விரித்த பாயிலிருந்து வந்தது. சரி, அது வேறு கதை. சிஆர்2032 பேட்டரி, அதற்கு ஒரு ஹோல்டர், சோல்டர் உறிஞ்சும் திரி, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு, இரண்டு பென்சில் செல் போடும் டப்பா. க்ளீனரையும் சேர்த்து 21 வெள்ளி சொச்சம்.

திட்டம் இதுதான். பழைய பேட்டரியைக் கழற்றும் நேரத்தில் மெமரிக்கு வேறு இடத்திலிருந்து உயிர் கொடுக்க வேண்டும். இரண்டு பென்சில் செல் சேர்ந்தால் 3 வோல்ட் சொச்சம். ஆனால் அதை நேராகப் பழைய பேட்டரியின் தலையில் மாட்டக் கூடாது. இந்த வகை லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற்றுவதற்கானது இல்லை, பலவந்தமாக ஏற்றினால் வெடிக்கலாம். பேட்டரியிலிருந்து மெமரிக்குப் போகும் வழியில் போர்டில் ஒரு டயோடு நிற்பதைத் தடம் பிடித்துக் கண்டேன். அதற்கு அந்தப் பக்கத்தில், நான் வாங்கிய டயோடு வழியாக, செல் டப்பாவை முதலைக் கிளிப்பில் மாட்டினேன். மெமரி சிப்பின் காலில் அளந்தேன், 2.7. ஆக இப்போது என் செல்தான் அதைத் தாங்குகிறது.

இன்னொன்று, இதை யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே முன்பு ஒரு சின்தசைசரில் கெடுத்துக் கற்றது. நல்ல சோல்டரிங் இரும்பின் முனை எர்த் ஆகியிருக்கும். பெட்டியும் ஏதோ ஒரு கேபிள் வழியாக எர்த்தைப் பிடித்திருந்தால், இரும்பை பேட்டரியின் ப்ளஸ் பக்கம் வைத்த கணத்தில் ஷார்ட், நினைவு காலி. அதனால் மின்கேபிள், ஆடியோ, மிடி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பெட்டியை மரப்பலகை மேல் தனியாக வைத்தேன்.

இரும்பை எடுத்தபோது கிளிப் நழுவி விழுந்தது. பழைய பேட்டரி அதுவரை போர்டில்தான் இருந்தது, அதனால் தப்பியது. கிளிப்பை மறுபடி மாட்டி, கம்பியை டேப் போட்டுச் சட்டத்தோடு ஒட்டி, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மைனஸ் கால் எளிதில் இளகவில்லை, அது பெரிய செம்புப் பரப்போடு இணைந்தது, சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடும். கொஞ்சம் புதிய ஈயத்தைக் கொடுத்ததும் பளபளவென்று இளகியது, திரியை வைத்து உறிஞ்சினேன். ப்ளஸ் கால் இரண்டு விநாடியில் வந்தது. ஹோல்டரின் கால் இடைவெளி போர்டின் துளைகளுக்குப் பொருந்தாததால், இரண்டு துண்டுக் கம்பியில் இழுத்து, ஹோல்டரை நுரை டேப்பில் சட்டத்தின் ஓரம் ஒட்டினேன். பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் அடுத்து மாற்றுகிறவருக்கு இரும்பே தேவைப்படாது. புது பேட்டரியை ஹோல்டரில் அழுத்தியதும் அளந்தேன், 3.2. அதன் பிறகுதான் கிளிப்பை எடுத்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்ப்ளே எரிந்தது. 3 கிளீன், இருந்தது. 7 இருந்தது. 12-ஐ அழுத்தி ஒரு ஏ மைனரைத் தடவினேன். உள்ளேயே இருக்கும் கோரஸ் இரண்டு பக்கமும் விரிய, மழை விட்ட பிறகு விளக்கு வெளிச்சத்தில் தார்ரோடு மின்னுவது போல இருந்தது. அவ்வளவு நேரம் கதவருகே நின்று ‘இன்னும் முடியலையா’ என்று பார்த்துக்கொண்டிருந்த மனைவியே “இது நல்லாருக்கே” என்றாள். எங்கள் வீட்டில் கிட்டார் சாமான் எதற்கும் கிடைக்காத சான்றிதழ் அது.

செலவு மொத்தம் 210 வெள்ளிக்குள். கரகர என்ற வால்வைத் தூக்கிப்போடவில்லை, டேப்பில் ‘டிங்’ என்று எழுதி டிராயரில் இருக்கிறது.

அபாங்குக்கு 12-இல் வாசித்த ஒரு நிமிடத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். இரண்டு நீலக் குறி வந்தது, பதில் இல்லை. ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது. பாட்டைப் பற்றி ஒன்றுமில்லை. ‘31-ஐத் தொட்டீங்களா?’ என்று மட்டும் கேட்டிருந்தார்.

தொட்டேன். அன்று மாலையே, ஹெட்ஃபோன் மாட்டாமல், ஸ்பீக்கரில். ஓடி 1, ஓடி 2 (இரண்டும் கரகரப்புக்கு), மாஸ்டர், ட்ரெபிள், ப்ரெசன்ஸ், எல்லாமே உச்சியில். நான் கம்பியைத் தொடக்கூட இல்லை, கிட்டார் தானாக வீறிட்டது. எதிர்வீட்டு ஆன்ட்டி வந்து கதவைத் தட்டி, கேஸ் அலாரமா என்று கேட்டார்.